நிறுத்தும் வழி முதலில்: பிரேக் இல்லாத பழைய காரைச் சிறு தூரம் நகர்த்துதல்

பேராதனையிலிருந்து கம்பளைக்குப் போகும் ஏ5 வீதியில் கெலிஓயா பட்டினத்தைத் தொட்டதும், இருபுறமும் பக்க ஒழுங்கைகள் மேடேறத் தொடங்கிவிடும். மலைச்சரிவை வெட்டி மட்டமாக்கிய துண்டுகளில் வீடுகள். வீட்டுக்கும் வீதிக்கும் நடுவே ஒரு செங்குத்தான கொங்கிறீட் ஏற்றம். இப்படிப்பட்ட வளவுகளில் படங்குக்குக் கீழே ஒரு மொரிஸ் மைனரோ, ஒஸ்டினோ, பழைய லான்சரோ வருடக் கணக்கில் நிற்பது கண்டிப் பக்கத்தில் புதுமையல்ல. கொட்டகைக் கூரை மாற்ற வேண்டும், கார் விலைபட்டுவிட்டது, அல்லது கராஜுக்குப் போக வேண்டும் என்று ஒரு நாள் அதை அசைக்க வேண்டிவருகிறது. பெடலை மிதித்தால் தரையோடு போய் ஒட்டிக்கொள்கிறது. தூரம் என்னவோ 10 மீற்றரோ 30 மீற்றரோதான். இந்த அத்தியாயம் அந்தச் சிறு தூரத்துக்கானது. இதன் அடிப்படை ஒன்றே: காரை எது நகர்த்தும் என்று யோசிக்குமுன் எது நிறுத்தும் என்று முடிவு செய்யுங்கள், அந்த நிறுத்தும் பொருள் ஒருபோதும் மனித உடலாக இருக்கக்கூடாது.

சிறு தூரம் ஏன் ஏமாற்றுகிறது

மொரிஸ் மைனர் 1000 சலூன் ஏறத்தாழ 775 கிலோ எடை. பத்து மீற்றருக்கு ஒரு மீற்றர் இறங்கும் சரிவில் அதைக் கீழே இழுக்கும் விசை 77 கிலோ அளவுக்கு வரும். டயர் உருள்வதில் ஏற்படும் எதிர்ப்பைக் கழித்தாலும் 65 கிலோ மிஞ்சும். ஒரு பொருளைத் தள்ளத் தொடங்கவோ நிறுத்தவோ ஓர் ஆணுக்கு 20 கிலோ விசை, தொடர்ந்து நகர்த்த 10 கிலோ என்பதே பிரித்தானியாவின் தொழிற்பாதுகாப்பு நிறுவனம் வைத்திருக்கும் வழிகாட்டல் அளவு. அந்தக் கணக்கில் ஒரு சிறிய காரை அச்சரிவில் நிற்பாட்டவே நான்கு பேர் வேண்டும். கால் வழுக்காத தரையும் வேண்டும். பாசி பிடித்த கொங்கிறீட்டில், பின்னேர மழைக்குப் பிறகு, அந்த நான்கு பேரும் போதமாட்டார்கள்.

வேகத்தின் கணக்கு இதைவிடக் கடுமையானது. அதே சரிவில் தானாக உருளத் தொடங்கும் கார், ஒரு மீற்றரைச் சற்றுத் தாண்டியதுமே மனிதன் நடக்கும் வேகத்தை எட்டிவிடும். அதற்கு இரண்டு வினாடிகூட எடுக்காது. 10 மீற்றரில் மணிக்கு 15 கிலோமீற்றர் வேகம் வந்துவிடும். ஆறுக்கு ஒன்று என்ற வீட்டு ஏற்றத்தில் அதே 10 மீற்றரில் மணிக்கு 19 கிலோமீற்றரைத் தாண்டும். "மெதுவாகத்தானே விடப்போகிறோம்" என்பவர்கள் இதைத்தான் கவனிக்கத் தவறுகிறார்கள். மெதுவாக இருப்பது முதல் இரண்டு வினாடிகள் மட்டுமே. அதற்குள் பிடிக்காவிட்டால் பிறகு ஓடிப் பிடிக்கவும் முடியாது, முன்னால் நின்று தாங்கவும் முடியாது. 1867இல் கண்டிக்கு ரயில் வந்தபோது கடுகண்ணாவை ஏற்றம் 45க்கு ஒன்று என்ற சரிவில் கட்டப்பட்டது. ரயில் பாதைக்கு அதுவே கடுமையான ஏற்றம். நம் வீட்டு வாசலில் இருப்பது அதைப்போலப் பல மடங்கு.

கல்லும் ஹேண்ட் பிரேக்கும் போதாதா?

இந்தக் கேள்விக்குப் பதில் 1889 ஜூன் 12 அன்று அயர்லாந்தின் ஆர்மா நகருக்கு அருகே கிடைத்தது. ஏற்றத்தில் நின்றுபோன ஓர் உல்லாசப் பயண ரயிலை ஊழியர்கள் இரண்டாகப் பிரித்தார்கள். பின்பகுதிப் பெட்டிகளை நிறுத்தி வைத்தவை ஒரு கை பிரேக்கும், சில்லுகளுக்குக் கீழே வைத்த கற்களும்தான். முன்பகுதி புறப்படும்போது சற்றுப் பின்னால் நகர்ந்து பெட்டிகளில் இடித்தது. கற்கள் நொறுங்கின, கை பிரேக் தாங்கவில்லை. பெட்டிகள் சரிவில் ஓடிப் பின்னால் வந்த ரயிலில் மோதின. ஏறத்தாழ 80 பேர் இறந்தார்கள். இணைப்பு அறுந்தால் தானாகவே பிடிக்கும் பிரேக்கைப் பயணிகள் ரயில்களுக்குக் கட்டாயமாக்கும் சட்டம் அதே ஆண்டில் வந்தது. நமக்கு இதில் உள்ள பாடம் நேரடியானது. அசையாமல் நிற்கும்போது போதுமாக இருக்கும் பிடி, ஒரு சிறு இடியில் போதாமல் போகும். காரை நகர்த்துவது என்றாலே அத்தகைய சிறு இடிகள் வரிசையாக வரும்.

ஹேண்ட் பிரேக்கை நான் குறைத்து மதிப்பிடவில்லை. மைனர் போன்ற கார்களில் அது கேபிள் மூலம் பின்சில்லுகளைப் பிடிக்கிறது. ஒயில் பிரேக் முழுதாகச் செத்தாலும் அது தனியே உயிரோடு இருக்கலாம். ஆனால் வருடக் கணக்கில் நின்ற காரில் கேபிள் துருப்பிடித்திருக்கும். பின் அச்சின் ஒயில் சீல் கசிந்து பிரேக் ஷூ ஊறியிருக்கும். ஆகவே அதை இரண்டாவது காவலாக வையுங்கள். "கியரில் போட்டுவிட்டால் நிற்கும்" என்பதற்கும் இதே பதில்தான். தேய்ந்த எஞ்சினில் அமுக்கம் கசிந்து கார் படிப்படியாக ஊர்ந்து இறங்கும். பழைய கியர் பெட்டி ஒரு குலுக்கலில் கியரிலிருந்து நழுவும். எஞ்சினை ஸ்டார்ட் செய்து முதலாம் கியரில் ஊர்ந்து போகலாம் என்பது இன்னும் மோசமான யோசனை. கிளச்சை மிதித்த கணமே உங்களிடம் எந்தப் பிடியும் இராது.

படி 1: சரிவை அளவிடுங்கள்

கண்ணால் பார்த்துச் சரிவைச் சொல்லாதீர்கள். மலைச்சரிவில் வாழ்ந்து பழகிய கண்ணுக்கு இறக்கமும் மட்டமாகத் தெரியும். மேசன்மார் வைத்திருக்கும் ரசமட்டமும் ஒரு மீற்றர் நீளமான நேர்ச்சட்டமும் போதும்.

1. சட்டத்தைக் கார் போகும் திசையில் தரையில் வைத்து, அதன்மேல் ரசமட்டத்தை வையுங்கள்.
2. தாழ்ந்த முனையை, குமிழி நடுவில் வரும்வரை உயர்த்துங்கள்.
3. அந்த முனைக்கும் தரைக்கும் இடையிலான உயரத்தை அளவிடுங்கள். 10 சென்ரிமீற்றர் என்றால் சரிவு பத்துக்கு ஒன்று.
4. பாதை முழுவதும் இரண்டு மீற்றருக்கு ஒருமுறை அளந்து, மிகச் செங்குத்தான இடத்தின் அளவை எடுத்துக்கொள்ளுங்கள்.

முடிவு இப்படி:

- 2 சென்ரிமீற்றர் வரை: ஆட்கள் தள்ளலாம், சில்லுக்கு வைக்கும் ஆப்புக் கட்டைகளோடு (படி 3).
- 2 முதல் 10 வரை: கை வின்ச் மட்டும். தள்ளக்கூடாது.
- 10க்கு மேல், அல்லது பாதை பக்கவாட்டில் சரிந்திருந்தால், அல்லது ஒரு பக்கம் மதிலில்லாத பள்ளம் இருந்தால்: உங்கள் வேலையல்ல. வின்ச் உள்ள கார் கெரியர்காரரைக் கூப்பிடுங்கள்.

படி 2: காரைப் பரிசோதியுங்கள்

நகர்த்துவதற்கு மிகப் பாதுகாப்பான முறை, நிற்கும் இடத்திலேயே ஏதாவது ஒரு பிரேக்கை உயிர்ப்பிப்பதுதான். அரை நாள் இதற்குச் செலவானால் அது வீணல்ல. நகர்த்தும் நேரத்தில் உங்களிடம் இருக்கும் காவல்களின் எண்ணிக்கை ஒன்றால் கூடுகிறது.

1. நான்கு சில்லுக்கும் கட்டை போட்ட பிறகே காரைத் தொடுங்கள்.
2. பிரேக் ஒயில் பாருங்கள். மொரிஸ் மைனரில் மாஸ்டர் சிலிண்டர் சாரதியின் காலடியில், தரைக்குக் கீழே இருக்கிறது. கம்பளத்தை விலக்கி மூடியைத் திறந்தால்தான் தெரியும். காலியாக இருந்தால் எங்கோ கசிவு உண்டு. ஒயில் ஊற்றியதும் பெடல் எழுந்தாலும் அதை நம்பி நகர்த்தாதீர்கள். கசிவு அங்கேயேதான் இருக்கிறது.
3. பின் டிரம்களின் துவாரத்தால் ஸ்குரூ டிரைவரை விட்டு, சில்லு இறுகும்வரை அட்ஜஸ்டரைத் திருப்பி, ஒரு 'கிளிக்' மட்டும் தளர்த்துங்கள். பிறகு ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் பாருங்கள்.
4. சில்லுகள் சுழல்கின்றனவா என்று ஒவ்வொன்றாக ஜாக் வைத்துப் பாருங்கள். ஒரு சில்லைத் தூக்கும்போது மற்ற மூன்றும் கட்டையில் இருக்க வேண்டும். ஜாக்கை மட்டும் நம்பிக் காருக்குக் கீழே போகாதீர்கள்.
5. ஷூ துருவில் ஒட்டியிருந்தால் அட்ஜஸ்டரைத் தளர்த்தி, டிரம்மின் விளிம்பைச் சுற்றிச் சுத்தியலால் மெல்லத் தட்டுங்கள். இழுத்து உடைக்க முயலாதீர்கள்.
6. டயர்களுக்குக் காற்று நிரப்புங்கள். காற்றில்லாத டயர் ஓரிடத்தில் கனமாகவும் அடுத்த இடத்தில் இலகுவாகவும் உருளும். விசை ஒரே சீராக இராது.
7. ஸ்டியரிங் பூட்டு திறந்திருக்கிறதா, முன்சில்லுகள் திரும்புகின்றனவா என்று பாருங்கள்.

*கவனம்:* பழைய பிரேக் ஷூக்களில் கல்நார் இருக்கலாம். டிரம்மைக் கழற்றினால் தூசியை ஊதவோ காற்றடிக்கவோ வேண்டாம். ஈரத்துணியால் துடைத்து, துணியைக் கட்டி எறியுங்கள்.

*கவனம்:* சற்றுப் புதிய வேன்களிலும் கார்களிலும் எஞ்சின் ஓடாதபோது பெடல் கல்லாக இருக்கும். அது பிரேக் பழுது என்று அர்த்தமில்லை. சேர்வோ உதவி இல்லை என்று அர்த்தம். பெடல் இறுகி மேலே நின்றால் ஒன்று, தரையோடு போனால் வேறொன்று. காற்று பிரேக் உள்ள லொறி, பஸ்களுக்கு இந்த அத்தியாயம் பொருந்தாது.

படி 3: பொருள்களும் ஆட்களும்

கட்டைகளே இந்த வேலையின் உண்மையான பிரேக். ஆறு அங்குலச் சதுரமான கடின மரத்தைத் தச்சரிடம் கொடுத்து மூலைவாட்டில் அறுத்தால் ஒரு துண்டிலிருந்து இரண்டு ஆப்புக் கட்டை வரும். ஆறு கட்டைகள் தேவை. அவற்றில் இரண்டுக்கு ஒரு மீற்றர் நீளமான சட்டத்தைப் பக்கவாட்டில் ஆணியடித்துக் கைப்பிடி ஆக்குங்கள். அப்போதுதான் கட்டையை வைப்பவரின் கையும் காலும் சில்லிலிருந்து விலகி நிற்கும். செங்கல் வெடிக்கும். ஓயாவிலிருந்து எடுத்த கல் வழவழப்பானது. டயர் அதன்மேல் ஏறும், அல்லது அதை உருட்டிக்கொண்டே போகும். கார் போய் நிற்க வேண்டிய இடத்தில் ஆறு அங்குல மரம் ஒன்றைக் குறுக்கே போட்டு, அது நகராதபடி பின்னால் முட்டுக் கொடுங்கள்.

வின்ச் தேவைப்பட்டால் காரின் எடையைப்போல ஒன்றரை மடங்காவது தாங்கும் என்று குறிக்கப்பட்டதை வாடகைக்கு எடுங்கள். ஏற்றுவதற்கும் இறக்குவதற்கும் ஒரே அளவு கட்டுப்பாடு தரும் லிவர் வகை நல்லது. வின்ச் வேலைக்கு ஆட்கள் நால்வர் போதும்: ஸ்டியரிங்கில் ஒருவர், கட்டைக்கு இருவர், கட்டளை சொல்லவும் வின்சைப் பிடிக்கவும் ஒருவர். தள்ளும் வேலையென்றால் தள்ளுபவர்கள் இவர்களுக்கு மேலதிகம். கூட்டம் சேர்ந்தால் ஆபத்தும் சேரும். பிள்ளைகளையும் வேடிக்கை பார்ப்பவர்களையும் மேட்டுப் பக்கத்துக்கு அனுப்பிவிடுங்கள். கட்டளைகள் மூன்று சொல் மட்டும்: "விடு", "நிறுத்து", "போடு". "நிறுத்து" என்பதை யாரும் சொல்லலாம். "விடு" என்பதை ஒருவர் மட்டுமே சொல்லலாம்.

மட்டமான இடத்தில் தள்ளும் முறை

1. பாதையைக் கூட்டி, பாசியைச் சுரண்டி, ஈரம் காயவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் பின்னேர மழைக்கு முன், காலையிலேயே வேலையை முடியுங்கள்.
2. ஸ்டியரிங்கில் இருப்பவர் உள்ளே உட்கார்ந்து கதவை மூடட்டும். ஹேண்ட் பிரேக்கில் ஒரு கை. ஒரு காலை வெளியே வைத்துக்கொண்டு தள்ளக் கூடாது.
3. தள்ளுபவர்கள் காருக்குப் பின்னால் மட்டும். முன்னால் ஒருவரும் இல்லை. காருக்கும் மதிலுக்கும் நடுவே ஒருபோதும் இல்லை.
4. கைப்பிடிக் கட்டையோடு இருவர், பக்கத்துக்கு ஒருவராக, பின்சில்லோடு நடக்கட்டும்.
5. "விடு" என்றதும் கட்டைகளை எடுத்துத் தள்ளுங்கள். இரண்டு மீற்றர் போனதும் "நிறுத்து", "போடு".
6. மீண்டும் தொடங்குங்கள். ஒரே மூச்சில் தள்ளி முடிக்க நினைக்காதீர்கள்.

ஐந்தாவது படி பலருக்கு வீண் தாமதமாகத் தோன்றும். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. இரண்டு மீற்றருக்கு ஒருமுறை நிறுத்தும்போது, நிறுத்த முடிகிறதா என்பதையும் ஒவ்வொரு முறையும் சோதிக்கிறீர்கள். நிறுத்துவதில் சிறு சிரமம் தெரிந்தாலே வேலையை அந்த இடத்தில் முடித்துக்கொண்டு, கட்டை போட்டு, வின்சுக்கு மாறலாம்.

சரிவில் வின்ச் முறை

விதி ஒன்றுதான்: கார் ஏறினாலும் இறங்கினாலும் கேபிள் எப்போதும் மேட்டுப் பக்கத்திலிருந்து இழுபட்டு நிற்க வேண்டும்.

1. நங்கூரம் தெரிவு செய்யுங்கள். நன்றாக வேரூன்றிய, ஓர் அடிக்கு மேல் தடித்த பலா அல்லது மாமரம் ஏற்றது. அகலமான பட்டிக் கயிற்றை வேரடியில் சுற்றுங்கள். வாழை, பப்பாசி, கேட் தூண், மதில் எதுவும் உதவாது. மண் வெட்டிய கரையின் விளிம்பில் நிற்கும் மரமும், மழையில் ஊறிய மண்ணில் நிற்கும் மரமும் வேண்டாம்.
2. காரில் சேசியிலோ பின் அச்சிலோ கட்டுங்கள். பம்பரில், ஸ்டியரிங் தண்டில், பிரேக் குழாயின்மேல் கட்டக்கூடாது. கட்டும் இடத்தை ஸ்குரூ டிரைவரால் அழுத்திக் குத்திப் பாருங்கள். முனை உள்ளே போனால், அல்லது துரு ஏடு ஏடாகப் பெயர்ந்தால், அந்த இடம் இழுவையைத் தாங்காது.
3. கேபிள் விறைக்கும்வரை இழுங்கள். நடுவில் நனைந்த சாக்கு ஒன்றைப் போடுங்கள். அறுந்தால் கேபிள் சுழன்றடிக்காமல் அது அமர்த்தும். கையுறை போடுங்கள். கேபிளின் நேர்கோட்டில் யாரும் நிற்கக்கூடாது.
4. ஏற்றும்போது: கைப்பிடிக் கட்டைகள் பின்தொடர, அரை மீற்றர் இழுத்து, "போடு".
5. இறக்கும்போது: கட்டையைச் சில்லுக்கு ஒரு சாண் கீழே பக்கவாட்டிலிருந்து வையுங்கள். சில்லு அதைத் தொடும்வரை வின்சைத் தளர்த்துங்கள். பிறகு ஒரு பல் அளவு மேலே இழுத்து, கட்டையை விடுவித்து, அடுத்த சாணுக்கு மாற்றுங்கள்.
6. வின்ச் பிடிப்பவர் கையை எடுப்பதற்குமுன் நான்கு சில்லுக்கும் கட்டை விழுந்திருக்க வேண்டும்.

முச்சக்கர வண்டி இலகுவானது என்று கவனயீனம் வேண்டாம். முன்னால் ஒரே சில்லு என்பதால் சரிவில் குறுக்காகத் திரும்பினால் கவிழும். பின்சில்லுகள் இரண்டுக்கும் கட்டை வைத்து, நேராக மட்டும் நகர்த்துங்கள்.

வீதியைத் தொடுவதாயிருந்தால்

ஒழுங்கையின் முடிவில் பொது வீதி வந்துவிட்டால் இந்த முறைகளின் எல்லையும் அங்கே முடிகிறது. பிரேக் இல்லாத வாகனத்தைப் பொது வீதியில் ஓட்டுவதை 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் அனுமதிப்பதில்லை. கயிறு கட்டி இழுப்பதற்கும் இழுபடும் வாகனத்தில் பிரேக் வேண்டும். முன்வண்டி நின்றதும் பின்வண்டி நிற்காது. கயிறு இழுக்கும், தடுக்காது. கண்டி, கம்பளை பஸ்கள் ஒன்றையொன்று முந்தும் அந்த வீதியில், 200 மீற்றர் தூரத்தில் கராஜ் இருந்தாலும் இதைச் செய்யக்கூடாது. வழியில் ரயில் கடவை இருந்தால் சொல்லவே வேண்டியதில்லை.

"கெரியருக்குக் கொடுக்கும் காசில் பிரேக்கையே செய்துவிடலாமே" என்று சிலர் கேட்பார்கள். சரியான கேள்வி, அப்படியானால் பிரேக்கைச் செய்யுங்கள். மெக்கானிக்கை வீட்டுக்கு வரவழைத்து, வீல் சிலிண்டர்களையும் குழாய்களையும் அங்கேயே மாற்றுவது சிறிய கார்களில் முடியாத காரியமல்ல. ஆனால் பிரேக்கும் செய்யாமல், கெரியரும் பிடிக்காமல் மிச்சப்படுத்தும் பணம் உண்மையில் மிச்சமல்ல. கான் ஒன்றில் விழுந்த காரை மேலே எடுப்பதற்கே அதைவிடக் கூடுதலாகச் செலவாகும். ஒரு காலோ உயிரோ போனால் அதற்குக் கணக்கே இல்லை.

கெரியர்காரரிடம் தொலைபேசியிலேயே மூன்று விடயம் சொல்லுங்கள்: பிரேக் அறவே இல்லை, சில்லுகள் சுழல்கின்றன அல்லது சுழலவில்லை, ஒழுங்கையின் அகலமும் சரிவும் இவ்வளவு. இறக்குமிடத்திலும் வின்சாலேயே இறக்க வேண்டும் என்பதை மறக்காமல் நினைவூட்டுங்கள். ஏற்றும்போது கவனமாக இருந்துவிட்டு இறக்கும்போது "உருட்டி விடுவோம்" என்பது அடிக்கடி நடக்கும் தவறு.

வழக்கமான தவறுகள்

- ஓடத் தொடங்கிய காரை உடம்பால் தடுக்க முனைவது. கார் போனால் போகட்டும். "விலகு" என்று கத்திவிட்டு நீங்களும் விலகுங்கள்.
- கட்டையைக் காலால் தள்ளி வைப்பது.
- ஒரு பக்கச் சில்லுக்கு மட்டும் கட்டை போடுவது. கார் அதைச் சுற்றித் திரும்பும்.
- வேலை முடியும் தறுவாயில் வின்சைக் கழற்றிவிட்டு கடைசி இரண்டு மீற்றரைக் கையால் தள்ளுவது.
- அவசர இலக்கங்களை யாரும் அறியாமல் இருப்பது. அம்புலன்ஸ் 1990, பொலிஸ் 119.

நகர்த்தி முடித்ததும்

நான்கு சில்லுக்கும் கட்டை போடுங்கள். ஹேண்ட் பிரேக்கை இழுத்து, கியரில் விட்டு, முன்சில்லுகளை மண்கரைப் பக்கம் திருப்பி வையுங்கள். பற்றரித் தொடுப்பைக் கழற்றுங்கள். கடைசியாக ஒரு மட்டையில் பெரிய எழுத்தில், மூன்று மொழியிலும், "பிரேக் இல்லை" என்று எழுதி ஸ்டியரிங்கில் கட்டுங்கள். இவ்வளவு நேரம் அந்தக் காரைச் சூழ்ந்து நின்றவர்களுக்கு அதன் நிலை தெரியும். நாளைக்குக் கொட்டகை வேலைக்கு வருபவருக்கும், வாங்க வருபவருக்கும், ஏறி உட்கார்ந்து விளையாட நினைக்கும் பிள்ளைக்கும் தெரியாது. கட்டையை எடுத்து உதவி செய்ய நினைப்பவர் அதை எடுக்குமுன் பார்க்க வேண்டிய இடத்தில் அந்த மட்டை இருக்கட்டும்.